ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்த வீடு

மடக்கிய சிவப்புக் குடை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பதால் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் வந்துவிட்டது. மழை வந்தாலும் அதை விரிக்க மாட்டார். குடையின் நுனி எங்கே தெரிகிறதோ அங்கே கூட்டம் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அதன் உபயோகம். மற்ற நாட்களில் அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். ஞாயிறு மாலையில் மட்டும் ஊரின் இருண்ட பக்கத்தைச் சுற்றிக் காட்டுபவர். தூக்குமரம் நின்ற முச்சந்தி, கொள்ளைநோய்க் காலத்தில் ஆட்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிய தெரு, பங்காளியைச் சுவருக்குள் வைத்துப் பூசிய கொத்தனாரின் சந்து என்று வரிசையாகப் போய்க் கடைசியில் தாலாட்டுக்காரியிடம் வந்து முடிப்பார்.

கூட்டத்தின் பின்னால் அவர் மனைவி வருவாள். செருப்பு அறுந்தவர்கள், போனில் பேசியபடியே நின்றுவிடுபவர்கள், குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனவர்கள் எல்லோரையும் ஓட்டிக்கொண்டு வருவது அவள் பொறுப்பு.

"தலை அது பாட்டுக்குப் போயிடும். வாலுதான் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு வரணும்" என்பாள்.

தாலாட்டுக்காரியின் கதை உண்மைக் கதை. ஊருக்கு முதல் மில் வந்த காலத்தில், அங்கே வேலை பார்த்த பெண்களின் கைக்குழந்தைகளை வாங்கி வளர்ப்பதாக ஒருத்தி வீடு எடுத்து உட்கார்ந்தாள். நல்ல குடும்பங்களுக்குத் தத்துக் கொடுப்பதாகவும் சொன்னாள். சர்க்கரைத் தண்ணீரில் மயக்க மருந்தைக் கலந்து ஊட்டினாள். குழந்தைகள் தூங்கின. பசித்து அழக்கூடத் தெம்பில்லாமல் தூங்கித் தூங்கியே செத்தன. "அவ வீட்டுல ஒரு புள்ளை அழுது கேட்டதில்லை, என்ன கைராசி!" என்று அக்கம்பக்கத்தார் மெச்சிக்கொண்டார்கள். பிறகு யாரோ கொல்லையில் கிணறு வெட்டப் போய் விஷயம் வெளியே வந்தது.

கதை நல்ல கதைதான். இடம்தான் சரியில்லை. அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க். குடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு ராத்திரி ஒரு தாய்க்கு மட்டும் மனசு கேக்கல" என்று ஆரம்பிக்கும்போது, காற்றடிக்கும் இயந்திரம் டிங் டிங் என்று மணியடிக்கும். பங்க்காரர், "கதையை அந்தப் பக்கம் சொல்லுங்க சாமி, லாரி திரும்பணும்" என்பார். கூட்டம் சிரித்துவிடும். ஒருமுறை சிரித்த கூட்டத்தை மறுபடி பயமுறுத்த முடியாது.

"பயத்துக்கு ஒரு கதவு வேணுங்க" என்றாள் மனைவி ஒரு நாள். "திறந்த வெளியில யாரு பயப்படுவா? அதோ பாருங்க."

எதிர்ப்பக்கம் தெருவுக்குள் கொஞ்சம் தள்ளி ஒரு வீடு. பச்சைக் கதவு, சாத்திய ஜன்னல்கள், ஆள் இருக்கும் அறிகுறியே இல்லை. அவர்கள் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அது அப்படித்தான் சாத்திக் கிடந்தது.

முதல் வாரம் அவர் கூட்டத்தை அங்கே நிறுத்தி, "இந்த மாதிரி ஒரு வீடு" என்றார். அதற்கு அடுத்த வாரம், "கிட்டத்தட்ட இந்த இடத்தில்" என்றார். அப்புறம் எப்போது "இந்த வீடு" ஆனது என்று அவருக்கே தெரியாது. கதவின் தாழ்ப்பாள் வழக்கத்துக்கு மாறாக உச்சியில் இருப்பதை ஒரு நாள் கவனித்தார். வில்லை தேய்ப்பவரின் கண்ணுக்கு அது தப்பவில்லை. "பாருங்க, ஒரு குழந்தையோட கை எட்டவே முடியாத உயரம்" என்று குடையின் நுனியால் சுட்டிக் காட்டினார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து மனைவி அவரைப் பார்த்துக் கண்ணடித்தாள். அன்றைக்கு யாரோ அதை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார்கள். ஊரே பார்த்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் கூட்டம் தெருவை அடைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பக்கக் கம்பி உடைந்த கண்ணாடி.

"எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார் குடைக்காரர்.

"ஒரு பொடியன் சார். மூக்கைத் தொடுடான்னா கண்ணாடியைப் புடுங்கறான். பத்து நாளா இப்படியே கட்டிப் போட்டுட்டுத் திரிஞ்சேன், நேத்து முழுசா கையோட வந்துடுச்சு."

"பேரனா?"

"ஐயோ, எனக்கு அவ்வளவு வயசா தெரியுது? கண்ணாடி எனக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா?" என்று சிரித்தாள். "புள்ளைங்களைப் பாத்துக்கற எடம் வச்சிருக்கேன். வேலைக்குப் போற அம்மாங்க காலையில விட்டுட்டுச் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவாங்க. எல்லாருக்கும் நான் பெரியம்மா. நிதானமாவே செய்யுங்க சார். முன்ன மாதிரி இருந்தா, கொடுத்துட்டு ஓடியிருப்பேன். இன்னிக்கு ஒரு புள்ளையும் வரல, எனக்கென்ன அவசரம்."

அவர் சின்னத் திருகைத் தேடியபடி, "ஏன், லீவா?" என்றார்.

"லீவு இல்ல, பீதி. என் வீட்டுல அந்தக் காலத்துல குழந்தைங்களைக் கொன்னு பொதைச்சாங்களாம். யாரோ ஒருத்தர் என் வாசல்ல நின்னுக்கிட்டுக் கதை சொல்றாராம். வீடியோவா வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், எனக்கு எப்படித் தெரியும்? நேத்து ஒரு அம்மாதான் போன்ல காட்டினாங்க. கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல, சிவப்பா ஏதோ ஆடுச்சு. என் கதவுத் தாழ்ப்பாளைக் காட்டிச் சொல்றார் சார். அதை நான்தான் ஆசாரியைக் கூப்பிட்டு உள்ளயும் வெளியயும் மேல வைக்கச் சொன்னேன். புள்ளைங்க திறந்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடிடக் கூடாதுன்னு."

திருகு அவர் விரலிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. அவர் குனிந்து தேடினார். தேவைக்கு மேல் நெடுநேரம் தேடினார்.

அந்தத் தெருவை அவருக்குப் பல வருடமாகத் தெரியும். எந்த வீட்டின் எந்தக் கல்லில் என்ன நடந்தது என்று சொல்வார். ஆனால் அதை அவர் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு கிழமையில் பார்த்ததே இல்லை.

"குரல் மட்டும் நல்ல குரல்" என்றாள் பெரியம்மா மேலிருந்து. "கேட்டப்ப எனக்கே பயமாத்தான் இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. கம்பியை மாட்டினார், துடைத்தார், தலையாட்டினார். காசு வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார். அவள், "இந்தக் காலத்துல இப்படியும் ஒருத்தரா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தினாள்.

"நீங்கதான்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

"கும்பிட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்ல?"

"கும்பிடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே." குழாயை மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். "உங்களைச் சொல்லி என்ன. கதவைக் காட்டினது நான்."

"நீ கைதான் காட்டின. நான் வாயைத் திறந்தேன்."

"இதுல என்ன போட்டி, எனக்கு உனக்குன்னு? ஞாயித்துக்கிழமை பங்க்ல நிறுத்திச் சொல்லிடுங்க, அது பொய்யின்னு. வீடியோல கெட்டது வீடியோலயே சரியாகட்டும்."

அவருக்கும் அது சரியாகப் பட்டது. பொய்யைச் சொன்ன அதே வாயால், அதே கூட்டத்தில், அதே அளவு உரக்க உண்மையைச் சொன்னால் முடிந்தது.

ஞாயிறன்று வழக்கத்தைவிடக் கூட்டம். பங்க் அருகே குடையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினார்.

"சார், பச்சைக் கதவு அந்தப் பக்கம் இல்ல?" என்றான் ஓர் இளைஞன்.

"பச்சைக் கதவுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்ல. தாலாட்டுக்காரி வீடு இருந்தது இங்க, இந்த பங்க் நிக்கற எடத்துல. அந்த வீடுன்னு நான் சொன்னது பொய். அங்க இருக்கறவங்க நல்லவங்க. குழந்தைங்களைப் பாத்துக்கறவங்க."

கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார்.

"குழந்தைங்களைப் பாத்துக்கறாங்களா? இப்பவுமா?" என்று ஒரு பெண் கூவினாள். "ஐயோ, எனக்குப் புல்லரிக்குது!"

"யாரு சார் மிரட்டினது?"

"யாரும் மிரட்டல. பங்க்ல நின்னு சொன்னா யாரும் பயப்படலைன்னு நானாத்தான் மாத்திச் சொன்னேன்."

"பாரு, எப்படிச் சமாளிக்கறாரு பாரு. பெரிய எடம் போலிருக்கு."

ஒரு பெரியவர் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். உங்களுக்குத் தொந்தரவு வேணாம். நாங்களே போய்க் கதவைத் தொட்டுப் பாத்துட்டுப் போயிடறோம்."

கூட்டம் தானாகவே சாலையைக் கடந்தது. மனைவி பின்னாலிருந்து முன்னால் ஓடிப் போய்க் கையை விரித்துக்கொண்டு பச்சைக் கதவின் முன் நின்றாள். அவளையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். ஒருவன் கதவில் காதை வைத்து, "உள்ள ஏதோ முனகற சத்தம் கேக்குது" என்றான்.

"அது ஃபிரிட்ஜுடா தம்பி" என்றாள் அவள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது அவளுக்கு. யாரும் நம்பவில்லை.

அடுத்த நாள் புது வீடியோ வந்தது. உண்மையைச் சொன்னவரின் வாயை அடைத்தது யார் என்று கேட்டது அது.

அந்த வாரமே பச்சைக் கதவு வீட்டின் சொந்தக்காரர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். பளபளவென்று சட்டை, கையில் சாவிக்கொத்து.

"பவர் பாக்கணுங்களா?" என்றார் குடைக்காரர்.

"என் பவர் நல்லாத்தான் இருக்கு. உங்க பவரைத்தான் பாக்க வந்தேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னா கூட்டம் சார்! என் வீட்டுக்கு இவ்வளவு மவுசுன்னு எனக்கே தெரியாமப் போச்சு. அந்தம்மாவைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். மாசக் கடைசியில போயிடுவாங்க. நீங்க இனிமே வாசல்லயே நிக்க வேணாம், உள்ளயே கூட்டிட்டு வாங்க. டிக்கெட் போட்டுடலாம். பின்பக்கம் குழி மாதிரி ஏதாவது தோண்டி வைக்கட்டுமா?"

"அது பொய்யிங்க. அந்த வீட்டுல எதுவும் நடக்கல."

"பொய்யா இருந்தா என்ன சார்? வர்றவன் ரசீதா கேக்கறான்? நீங்க வரலைன்னா வேற பையன் ரெடியா இருக்கான். உங்க அளவுக்குக் குரல் இல்ல, அவ்வளவுதான்."

அன்று மதியமே குடைக்காரர் கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மனைவியும் வந்தாள். தெருமுனையில் அவர் கால் தயங்கியது.

"தலை முன்னால போகட்டும்" என்றாள் அவள். அவர் நகரவில்லை என்றதும் அவளே முன்னால் நடந்தாள்.

பச்சைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் யாரோ வாத்துகள் வரைந்திருந்தார்கள். எல்லா வாத்துக்கும் சிரித்த முகம். ஓரமாகச் சின்னச் சின்ன மெத்தைகள் உருட்டி அடுக்கப்பட்டிருந்தன. விரித்திருந்தவை கொஞ்சம்தான். செருப்பு வைக்கும் பலகையில் பெயர் ஒட்டிய இடங்கள் நிறைய இருந்தன, செருப்புகள் இல்லை.

"அட, கண்ணாடிக் கடை சார்!" பெரியம்மா முகம் மலர்ந்தது. "உள்ள வாங்க. யாரோட குழந்தையைச் சேக்கணும்? பேத்தியா?"

"குழந்தை இல்லம்மா" என்றார். "அந்த வீடியோவுல பேசினது நான்தான்."

அவள் முதலில் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு மெல்லப் போனது. தவழ்ந்து வந்த ஒரு குழந்தை அவர் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தது. அவள் எழுந்து வந்து அந்தக் குழந்தையைத் தூக்கித் தன் மறுபக்க இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கடையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் காசு வாங்கலையா?"

அவர் மெல்லத் தலையாட்டினார்.

"நான் எங்க அக்காகிட்ட வேற சொன்னேன், எவ்வளவு நல்ல மனுஷன்னு."

மனைவி, "கதவைக் காட்டினது நான்தாங்க. அவரை மட்டும்..." என்று ஆரம்பித்தாள். பெரியம்மா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன். அந்தக் குழந்தைங்க நெஜமாவே இருந்துச்சுங்களா? இல்ல அதுவும் கதையா?"

"இருந்தாங்க. அது உண்மை."

"அவங்க அம்மாங்க?"

"மில்லுல வேலை பாத்தவங்க. ஷிஃப்டுக்குப் போகணும், வீட்ல பாத்துக்க ஆள் இல்லாதவங்க."

"என்கிட்ட வர்றவங்க மாதிரி." குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தாள். "நீங்க சொல்றதைக் கேட்டு யாராவது அழுவாங்களா?"

அவர் யோசித்தார். இத்தனை வருடத்தில் அதை அவர் யோசித்ததில்லை. "இல்ல. பயந்து கத்துவாங்க. அப்புறம் சிரிப்பாங்க. அப்புறம் டீ குடிக்கப் போவாங்க."

வெயில் நகர்ந்து வாத்துகளின் மேல் விழுந்திருந்தது.

"எங்க வீடு இருக்கு" என்றாள் மனைவி. "முன் அறை பெருசு. நாங்க ரெண்டே பேரு, பின்னால ஒரு அறை போதும். வாடகை ஒண்ணும் வேணாம். உங்களுக்கு எத்தனை நாள் வேணுமோ..."

"உங்க வீட்டுல என் புள்ளைங்களா?" பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போயிட்டு வாங்க. புள்ளைங்க எந்திரிக்கற நேரம்."

அவள் வரமாட்டாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மாதக் கடைசி நெருங்கும்போது வந்தாள். வேறு எங்கே போனாலும் வீடியோ தனக்கு முன்னால் போய் நிற்கிறது என்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. குளியலறைத் தரையை உள்ளங்காலால் தேய்த்துப் பார்த்தாள். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே முஷ்டியை நுழைத்துப் பார்த்தாள். மூலைகளில் குனிந்து பிளக் பாயின்ட் எவ்வளவு உயரம் என்று பார்த்தாள். பிறகு அறை நடுவில் நின்று குடைக்காரரைக் கேட்டாள்:

"இந்த வீட்டுல யாரு செத்திருக்காங்க?"

"அப்பா" என்றார் அவர். "அந்த ஜன்னலோரத்துல."

"எப்படி?"

"நெஞ்சு வலி. காப்பி கேட்டார், அம்மா போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள..."

"வேற?"

"வேற யாரும் இல்ல. நாங்க வர்றதுக்கு முன்னாடி யாரு இருந்தாங்கன்னு தெரியாது." ஊரில் எல்லா வீட்டையும் தோண்டித் துருவியவருக்குத் தன் வீட்டைப் பற்றித் தெரியவில்லை. சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தெரியாதுன்னே சொல்லிடறேன். அப்பா செத்ததையும் சொல்லிடறேன். இது யாரு வீடுங்கறதையும். எல்லாத்தையும் நானே முதல்ல அம்மாங்ககிட்ட சொல்லிடணும். பின்னால ஒருத்தன் வந்து சொல்றதுக்கு மிச்சம் வைக்கக் கூடாது." ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். "நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. போக்கிடம் இல்ல, வர்றேன்."

"சரிம்மா. பகல்ல நான் கடைக்குப் போயிடுவேன். உங்க கண்ணுல படவே மாட்டேன்."

"அதெல்லாம் முடியாது. காலையில அம்மாங்க வந்து விட்டுட்டுப் போற வரைக்கும் வாசல்ல நிக்கணும். அவங்க உங்களைப் பாக்கணும். பாத்துட்டு விடறவங்க விடட்டும்."

அவர் தலையசைத்தார்.

மெத்தைகளையும் சின்னத் தட்டுகளையும் மனைவிதான் வண்டி பிடித்து ஏற்றி வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கும் போகவில்லை. பிளக் பாயின்ட்டுகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கதவு வீட்டுக்குள் புதுப் பையன் கூட்டத்தை அழைத்துப் போனதாகவும், நல்ல கூட்டம் என்றும், கொல்லையில் குழி வெட்டியிருப்பதாகவும் கேள்விப்பட்டார்கள்.

திங்கட்கிழமை காலை குடைக்காரர் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். முதலில் வந்தவள் தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள். இடுப்பில் பெண் குழந்தை தூங்கி வழிந்தது. பெரியம்மா வெளியே வந்தாள்.

"இவர்தான்" என்றாள், விரலால் காட்டி. "என் வீட்டைப் பத்திப் பொய் சொன்னவர். இது இவரோட வீடு. இவர் அப்பா உள்ள ஜன்னலோரத்துல செத்தார், நெஞ்சு வலியில. அதுக்கு முன்னாடி என்னன்னு இவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். யோசிச்சுச் சொல்லும்மா."

அவள் அவரைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு கைகளைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தாள். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். தரையைப் பார்த்தால் ஒளிப்பது போல இருக்கும். அவளைப் பார்த்தால் கெஞ்சுவது போல இருக்கும்.

"நாளைக்குச் சொல்றேன் பெரியம்மா" என்றுவிட்டு அவள் திரும்பி நடந்தாள். குழந்தையின் தலை அவள் தோளில் ஆடிக்கொண்டே போனது.

உள்ளே மனைவி யாருமில்லாத மெத்தைகளை விரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தெருமுனையில் இன்னொருத்தி ஒரு தோளில் பையும் மறு தோளில் குழந்தையுமாக வேகமாக வந்துகொண்டிருந்தாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்தில் வந்து நின்றார்.